படியெடுக்கச் சொன்னார் சின்ன மருது

(நரிக்குடியில் கூடிய தமிழன்பர் அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நரிக்குடி வானம் பார்த்த மண். கண்மாய் பெருகினால் நெல் விளையும். பெருகாத ஆண்டில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்க வேண்டும். அருப்புக்கோட்டைக்கும் மானாமதுரைக்கும் இடைப்பட்ட இந்த வறண்ட நாட்டிற்கும், கடலோடிகள் எழுதிய அரிய நூல்களுக்கும், கும்பினி ஆட்சிக்காலத்து ஆவணங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார் உளர். வயிற்றுக்கு நீரும் சோறும் தேடும் ஊரில் பழஞ்சுவடித் தேட்டம் எதற்கு என்றும் வினவுவர். வினா முறையானதே. அதற்கு விடை கூறாமல் மேலே செல்வதற்கில்லை.

விடை இவ்வூருக்கு மிக அண்மையில் இருக்கிறது. நரிக்குடியை அடுத்த முக்குளத்தில்தான் மொக்கைப் பழனியப்பருக்கும் பொன்னாத்தாளுக்கும் மக்களாகப் பெரிய மருதுவும் சின்ன மருதுவும் பிறந்தனர். அவ்விருவர் எழுப்பியதென வழிவழியாகச் சொல்லப்பெறும் சத்திரம் இவ்வூரிலேயே உள்ளது. கல் எஞ்சியிருக்கிறது. எழுத்து எங்கே? அவர்கள் எழுதிய ஓலை, விடுத்த ஆணை, பெற்ற மடல், வைத்த கணக்கு ஆகியவை எங்கே? முக்குளத்து மண்ணில் பிறந்தவரைப் பற்றி ஒரு முழுப்பக்கம் படிக்க வேண்டுமானால், அவரைத் தூக்கிலிட்டவன் எழுதிய பொத்தகத்தையே தமிழன் புரட்ட வேண்டியிருக்கிறது. இந்த இழிவே இவ்வுரைக்கு முதற்காரணம்.

1830ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஒரு நூல் இரண்டு மடலங்களாக வெளிவந்தது. எழுதியவர் சேம்சு வெல்சு என்னும் கும்பினிப் படைத்தலைவர். கீழை நாடுகளில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆற்றிய படைப்பணியின் நாட்குறிப்பிலிருந்து அவர் தொகுத்துத் தந்த நினைவுகள் அவை. 1795இல் மதுரைப் பக்கத்தில் இருந்தபோது, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலில் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுவே என்று அவர் நன்றியோடு எழுதுகிறார். நூறு கசத் தொலைவிற்குள் எங்கு வேண்டுமானாலும் குறி தப்பாமல் வளரி எறிய வல்லவர் அவர் என்றும் குறிக்கிறார். அதே வெல்சுதான் 1801இல் அந்த ஆசானை வேட்டையாடச் சென்ற படையில் ஒருவராக வந்தார்.

திருவள்ளுவர் ஆண்டு 1832, அஃதாவது கி.பி. 1801 அக்தோபர் 24ஆம் நாள், மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி அப்போது 15 அகவைச் சிறுவர். அவரையும் அவரோடு எழுபதுக்கும் மேற்பட்டோரையும் 1802 பிப்பிரவரியில் தூத்துக்குடித் துறையிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவிற்கு நாடு கடத்தினர். 1818இல் வெல்சு பினாங்கிற்குச் சென்றிருந்தார். ஒருநாள் அவர் தனித்திருந்த அறைக்குள் உருக்குலைந்த முதியவர் ஒருவர் நுழைந்தார். யாரென்று வெல்சுக்கு விளங்கவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்னார். துரைச்சாமி! கணக்கிட்டால் அவருக்கு அப்போது முப்பதைச் சிறிது கடந்த அகவையே. பதினாறு ஆண்டுச் சிறைவாழ்வு அவரைக் கிழவராக்கியிருந்தது.

இக்காட்சியைக் காத்துத் தந்தது வெல்சின் நூல். வேட்டையாடியவனின் குறிப்பேட்டில்தான் வேட்டையாடப்பட்டவனின் கண்ணீர் காய்ந்து கிடக்கிறது. வெல்சு இரண்டு வரி எழுதாமல் விட்டிருந்தால், துரைச்சாமி கடலுக்கு அப்பால் எப்படி வாடினார் என்று முக்குளத்து மக்கள் அறிந்திருக்கவே மாட்டார்கள்.

இதனினும் பெரிய சான்று ஒன்று உண்டு. 1801 சூன் 16ஆம் நாள் சின்ன மருது ஓர் அறிக்கை விடுத்தார். சம்புத்தீவு அறிக்கை என்று வழங்கும் அதனை நல்ல தமிழில் நாவலந்தீவு அறிக்கை எனலாம். திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிலிலும், திருவரங்கக் கோயில் மதிலிலும் அது ஒட்டப்பட்டது. குலவேறுபாடும் சமயவேறுபாடும் கருதாது எல்லா மக்களையும் விளித்து, அயலான் ஆட்சியை அகற்ற ஒன்றுபடுமாறு அது அழைத்தது. கும்பினிக்கு அடிமைப்பணி செய்வோரை அது கடுமையாகச் சாடியது. அதன் முடிவில் வரும் ஒரு செய்தியைத்தான் தமிழர் கூர்ந்து நோக்க வேண்டும். இவ்வறிக்கையைச் சுவரிலிருந்து கிழிப்பவன் பெரும்பழி சுமப்பான் என்கிறார் மருது. படிப்பவர் ஒவ்வொருவரும் இதனைப் படியெடுத்துக் கொள்க என்கிறார்.

எண்ணிப் பாருங்கள்! வாளும் வேலும் வளரியும் ஏந்திய வீரர், போர் முனையில் நின்றுகொண்டு, மக்களைப் பார்த்துக் கேட்டது ஒரு படி. ஓலையோ தாளோ, கைக்குக் கிட்டியதில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். எழுத்து ஒரு சுவரில் மட்டும் இருந்தால் பகைவன் கிழித்துவிடுவான். ஆயிரம் வீட்டில் இருந்தால் கிழிக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். சுவடி காக்கும் கலையின் முதற்பாடம் அதுவே.

அந்தப் படியைத் தமிழர் எடுத்தனரா? எடுத்தோர் இருந்திருக்கலாம். ஆனால் அத்தகைய ஓலை வீட்டில் இருந்தால் கழுத்திற்குக் கயிறு வரும் காலம் அது. வாளையும் வேலையும் ஒப்படைக்குமாறு அதே 1801இன் இறுதியில் கும்பினி ஆணையிட்டது. படைக்கலத்தோடு எழுத்தும் அஞ்சி மறைந்தது. கும்பினியாரோ அவ்வறிக்கையைத் தம் ஆவணங்களுக்குள் சேர்த்துக் காத்து வைத்தனர். அரசுப்பகைமைக்குச் சான்று என்று அவர்கள் காத்தது, பின்னாளில் விடுதலைக்குச் சான்றாயிற்று. பேராசிரியர் கே. இராசய்யன் கும்பினி ஆவணங்களைத் துருவி 1971இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய ஆங்கில நூலின் வழியாகத்தான், 1857க்கு அரை நூற்றாண்டிற்கு முன்பே தென்னாட்டில் மூண்ட அப்பெரும்போர் வரலாற்று அறிஞர் நடுவில் உரிய இடம் பெற்றது. படியெடுக்கச் சொன்னவர் தமிழர். படியைக் காத்தவன் பகைவன். தமிழர் நெஞ்சில் முள்ளாகத் தைக்க வேண்டிய செய்தி இது.

"அயலான் எழுதிய நூலைத் தமிழன் ஏன் தேட வேண்டும்? அது பொய்யும் இகழ்ச்சியும் நிறைந்ததாயிற்றே!" என்று தமிழ்ப்பற்று மிக்க இளைஞர் சிலர் கேட்பர். பற்று பாராட்டத்தக்கது, முடிவு பிழையானது. வழக்குமன்றத்தில் எதிரியின் கணக்கேட்டையே சான்றாகக் காட்டி வெல்பவன்தான் திறமையான வழக்கறிஞன். அயலார் நூல்களைத் தொகுப்பது அவர்களை வழிபடுவதற்கன்று, வாக்குமூலம் பெறுவதற்கு.

அவ்வாறு தொகுக்க வேண்டியவை எவை? வரிசையாகக் காண்போர் வியப்புறுவர். வாசுகோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கினான். அவன் இந்தியாவைக் கண்டுபிடித்தான் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தனர். மக்கள் குடியிருக்கும் வீட்டிற்குள் நுழைந்தவன் வீட்டைக் கண்டுபிடித்தவன் ஆகான். அவன் கண்டது தன் நாட்டிற்குத் தெரியாத ஒரு வழியை, நாட்டையன்று. அவன் வந்த 56ஆம் ஆண்டில், 1554இல், இலிசுபன் நகரில் தமிழ்மொழி அச்சேறியது. ஆனால் உரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. 16 பக்கங்களே கொண்ட அச்சிறு நூலின் படி இன்று அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முத்துக்குளிக்கும் கடற்கரை மக்களுக்காக 1586இல் அச்சிட்ட அடியார் வரலாறு வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அந்தாம் தெ புரோயென்சா தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகரமுதலியும் வத்திக்கானில்தான் கிடைத்தது.

அவ்வகரமுதலியை மீண்டும் தமிழுலகிற்குத் தந்தவர் அருட்டந்தை தனிநாயகம் அடிகள். ஐரோப்பிய நூலகங்களில் தமிழ்ச் செல்வங்களைத் தேடித் திரிந்த அப்பெருமகனார், அதனை ஒளிப்படி முறையில் 1966இல் மலையாப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளிக்கொணர்ந்தார். முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடிய ஆண்டும் அதுவே. முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ச்சொற்கள் எவ்வாறு ஒலித்தன, எப்பொருளில் வழங்கின என்பதற்கு அந்நூல் ஒரு கருவூலம். அயலானின் பொத்தகம் என்று அதனைத் தள்ளியிருந்தால் இழப்பு யாருக்கு?

இன்னும் உண்டு. பாரிசு நகரில் 1702 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த இயேசு அவைத் துறவியரின் மடல்களில் இம்மறவர் நாட்டின் செய்திகள் இருக்கின்றன. 1693இல் ஓரியூரில் கொலையுண்ட அருளானந்தர் காலத்து அரசியலை அறிய அவை உதவும். இராபர்ட்டு ஓர்மு எழுதிய படைநடப்பு வரலாற்றின் முதல் மடலம் 1763இல் வெளிவந்தது. நெல்சன் தொகுத்த மதுரை நாட்டுக் கையேடு 1868இலும், கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு 1881இலும் வெளிவந்தன. இவற்றையெல்லாம் அருகருகே அடுக்கி, ஒன்றன் பொய்யை மற்றொன்றால் வெளிப்படுத்துவதே தொகுப்பாளன் கடமை.

அயலார் நூலில் தன் ஊரைத் தேடுவோன் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அவர்கள் தமிழ்ப் பெயர்களைச் சிதைத்தே எழுதினர். திருநெல்வேலி தின்னவெல்லி ஆயிற்று. தூத்துக்குடி துத்துகோரின் ஆயிற்று. திருச்சிராப்பள்ளி திரிச்சினாபொலி ஆயிற்று. பாளையங்கோட்டை பாலம்கோட்டா ஆயிற்று. இராமநாதபுரம் இராம்நாது ஆயிற்று. வளரி என்னும் இன்தமிழ்ப் பெயரை விட்டுவிட்டுக் கள்ளர் தடி என்னும் பொருள்பட எழுதினர். மண்ணைக் காத்தவனைக் கிளர்ச்சிக்காரன் என்றனர். எனவே நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவில் நல்ல தமிழ்ப் பெயரைத் தேடினால் ஒன்றும் கிட்டாது. சிதைந்த பெயர்களையும் அவற்றிற்கு நேரான செம்மைப் பெயர்களையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்துக் கொண்டு தேடவேண்டும். அப்பட்டியலே ஒரு சிறந்த தமிழ்ப்பணி ஆகும்.

அயலான் எவ்வாறு தொகுத்தான் என்பதையும் தமிழர் அறிய வேண்டும். காலின் மெக்கன்சி 1783இல் இந்நாட்டிற்கு வந்த காட்டிலாந்துக்காரர். நிலம் அளக்கும் பணியில் உயர்ந்து, 1815இல் இந்தியா முழுமைக்கும் நில அளவைத் தலைவர் ஆனவர். சென்ற ஊரில் எல்லாம் ஓலை, கல்வெட்டுப் படி, காசு, ஊர் வரலாறு என்று அவர் திரட்டினார். 1821இல் அவர் மறைந்தபின் எண்ணிப் பார்த்தபோது, 1,568 இலக்கியச் சுவடிகளும், 8,076 கல்வெட்டுப் படிகளும், 6,218 காசுகளும் இருந்தன. கும்பினி அத்தொகுப்பை அவர் மனைவியிடமிருந்து ஓரிலக்கம் உருபா கொடுத்து வாங்கியது. ஆனால் ஊர்தோறும் நடந்து, மக்களிடம் பேசி, ஓலை பெற்று, படியெடுத்துக் கொடுத்தவர்கள் இந்நாட்டு மக்களே. காவலி போரய்யா, இலக்குமய்யா, இராமசாமி என்னும் உடன்பிறந்தார் மூவரும் அவருக்குக் கைகளாகவும் நாவாகவும் இருந்தனர். உழைப்பு இந்நாட்டாருடையது, தொகுப்பின் பெயர் மெக்கன்சியுடையது. அத்தொகுப்பின் பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருப்பது ஓர் ஆறுதல்.

புதுச்சேரியில் ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, அயலான் ஆட்சியை உள்ளிருந்து கண்ட ஒரு தமிழரின் சான்று. அது வீட்டில் கிடந்தது. 1846இல் அதனை வெளிக்கொணர்ந்தவர் கலுவா மொம்பிரன் என்னும் பிரெஞ்சுக்காரர். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904இல் தொடங்கி 1928க்குள் 12 மடலங்களாக முற்றுப்பெற்றது. தமிழில் எழுதியதைத் தமிழன் தமிழில் நூல்வரிசையாகப் படிக்க 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

அயலான் கொண்டு சென்றது ஒருபுறம் இருக்க, தமிழன் தன் கையாலேயே அழித்தது எவ்வளவு? கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியனின் ஓலைக்கட்டுகள் கோயிலில் இருந்தன. உ.வே.சாமிநாதர் அவற்றைத் தேடிச் சென்றபோது அவை இல்லை. பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடவேண்டும் என்று எவரோ சொன்ன நூல்விதியை நம்பி எரித்துவிட்டதாக அவரிடம் கூறினர். ஆடிப் பெருக்கில் ஓலையை ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று கற்பித்தவனும் அக்கூட்டத்தானே. தமிழனை அறிவிழக்கச் செய்வதற்கு அதனினும் எளிய வழி ஒன்றில்லை. எதிரி நெருப்பு வைத்ததும் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. தானே மூட்டிய தீயாயினும் பகைவன் மூட்டிய தீயாயினும், ஒரே ஒரு படி மட்டும் இருந்த நூல் மீண்டும் பிறப்பதில்லை.

காத்தவர் இல்லாமற் போகவில்லை. இவ்வூருக்கு அண்மையில், அருப்புக்கோட்டைப் பகுதிப் பாலவநத்தத்துக் குறுநில மன்னர் பாண்டித்துரையார் 1901 செபுதம்பர் 14ஆம் நாள் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவினார்; ஏடும் நூலும் தொகுத்து நூலகம் கண்டார். திருக்குறளைத் தன் விருப்பப்படி திருத்தி அச்சிட்ட ஓர் ஆங்கிலேயனிடமிருந்து அப்படிகளை எல்லாம் விலைகொடுத்து வாங்கி, அவர் எரித்துவிட்டார் என்று தமிழறிஞர் வழிவழியாகச் சொல்லி வருவர். அந்தச் சினம் தமிழ்மானத்தின் சினம். எனினும் இன்றைய தொகுப்பாளன் அதிலிருந்து ஒரு பாடம் கற்க வேண்டும். குறளைச் சிதைத்தவனின் நூலில் ஒரு படியாவது காக்கப்பட வேண்டும். குற்றம் செய்தவனைக் கூண்டில் நிறுத்தக் குற்றப்பொருள் வேண்டும் அல்லவா?

தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகள் வறுமையிலும் நூல் வாங்குவதை நிறுத்தியவரல்லர். பல்லாவரத்து இல்லத்தில் அவர் திரட்டிய ஏறத்தாழ 4,000 நூல்களை அடிப்படையாகக் கொண்டு 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூலகம் தோன்றியது. கோட்டையூர் உரோசா முத்தையா செல்வரல்லர். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். பழந்தாள் வணிகரிடமும், இடிந்த வீடுகளிலும், ஊர்ச்சந்தைகளிலும் அவர் தேடிச் சேர்த்தவை ஏறத்தாழ ஓரிலக்கம். நூல், இதழ், அழைப்பிதழ், துண்டறிக்கை என எதையும் அவர் தள்ளவில்லை. 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோப் பல்கலைக்கழகம் வாங்கி, கடல் கடத்தாமல், 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைத்தது. இராமநாதபுரத்து எசு.எம். கமால் சேதுபதி மன்னர் செப்பேடுகளைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். மருதிருவர் வரலாற்றையும் ஆவணங்களின் துணைகொண்டு எழுதினார். இவர்களுள் எவரும் அரசின் ஆணைக்குக் காத்திருக்கவில்லை.

நரிக்குடிக்கு இனி என்ன வேலை? அயலார் அச்சிட்ட பழைய நூல்களை வாங்கப் பெரும்பொருள் வேண்டும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. வெல்சும் நெல்சனும் கால்டுவெலும் இன்று இணையத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கக் கிடைக்கின்றனர். அவற்றைத் தாளில் படியெடுத்து ஊர் நூலகத்தில் வைக்க ஓர் ஆட்டின் விலைகூட ஆகாது. இணையத்தில் இல்லாதவை, இலண்டனிலும் இல்லாதவை, இவ்வூர்ப் பரண்களில் மட்டுமே இருக்கக் கூடியவை. அவற்றைத் தொகுக்க ஆர்வர்டிலிருந்து ஒருவன் வரமாட்டான்.

பரணில் கிடக்கும் ஓலைக்கட்டு, வழிபாட்டு அறையில் மஞ்சள் பூசி வைத்த செப்பேடு, கும்பினி முத்திரையிட்ட பழைய நிலமுறி, கண்மாய் நீரைப் பங்கிட்ட கணக்கேடு ஆகியவை எல்லாம் வரலாறே. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கும் பருமாவிற்கும் மலையாவிற்கும் பிழைக்கச் சென்றவர் எழுதிய மடல்கள் வரலாறே. வெள்ளையன் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரித்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ், ஊரைவிட்டு ஊர் செல்வதற்குக் கொடுத்த இராதாரிச் சீட்டு எந்த வீட்டிலாவது இருக்குமானால், நாணிக் கிழித்தெறியாதீர்கள். அச்சீட்டு பெற்றவனுக்கு இழிவன்று, கொடுத்தவனுக்கே இழிவு. பிறந்த குழந்தையையும் குற்றவாளி என எழுதிய ஆட்சியின் கையொப்பம் அதில் இருக்கிறது. அதைக் கிழித்தால் அவ்வாட்சியின் குற்றம்தான் மறையும்.

காக்கும் முறையும் அறிந்திருத்தல் வேண்டும். ஓலையை நீரில் கழுவவோ வெயிலில் காய வைக்கவோ கூடாது. மென்மையான தூரிகையால் தூசு அகற்றி, எலுமிச்சம்புல் எண்ணெய் மெல்லத் தடவி, பலகைக்கிடையில் வைத்துத் தூய துணியில் கட்ட வேண்டும். வசம்பும் நொச்சியிலையும் பூச்சியைத் தடுக்கும். கட்டிலுள்ள ஓலைகளின் வரிசையைக் கலைத்துவிடக் கூடாது. செப்பேட்டைப் புளியிட்டுத் தேய்த்தால் எழுத்து தேயும். கிழிந்த தாளுக்குப் பசைநாடா ஒட்டுவதும், நெகிழியில் அடைத்து உருக்கி மூடுவதும் பிணிக்கு நஞ்சு கொடுப்பது போன்றவை. எழுத்து மங்கியிருந்தால் கரிபூசத் தெரிந்தவரையே நாட வேண்டும். முதலில் செய்ய வேண்டியது ஒவ்வோர் ஓலைக்கும் எண் இட்டு இருபுறமும் ஒளிப்படம் எடுப்பது. எந்த வீட்டில், யாரிடம், எந்நாளில் கிடைத்தது என்று எழுதாவிட்டால், ஓலை தாயற்ற பிள்ளையாகிவிடும்.

விலை பேசி வருபவனிடம் விழிப்பாக இருங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின்படி, 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புடைய கைச்சுவடிகள் தொல்பொருள்கள் ஆகும். அவற்றைத் தனியார் அயல்நாட்டிற்கு ஏற்றுமதி செய்தல் குற்றம். அதே வேளையில், ஏழை வீட்டுச் சுவடியைப் பற்றுச்சீட்டும் கொடாமல் தூக்கிச் செல்லும் தமிழறிஞனும் கள்வனே. மூலம் உரியவர் வீட்டிலோ, அவர் மனமுவந்து கொடுத்தால் சென்னைச் சுவடி நூலகத்திலோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ இருக்கட்டும். அதன் படி ஒன்று கொடுத்த வீட்டிற்கு, ஒன்று ஊர் நூலகத்திற்கு, ஒன்று இணையத்திற்கு எனப் பிரிந்து வாழட்டும். ஒரு சுவர் இடிந்தால் மறு சுவர் காக்கும்.

இறுதியாக ஒன்று. தொகுப்பவன் உண்மைக்கு அஞ்சுதல் கூடாது. தன் குலத்திற்குப் பெருமை சேர்ப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பவன் தொகுப்பாளன் அல்லன். பொய்ச் செப்பேடு அடித்துப் போலிப் பெருமை தேடுபவன் தமிழ்ப்பகைவன். 1801இல் புதுக்கோட்டையும் எட்டயபுரமும் கும்பினிப் பக்கம் நின்றன. மருதிருவரை வீழ்த்திய கைகளில் தமிழ்க்கைகளும் இருந்தன. கும்பினி ஆவணம் இதனையும் சொல்லும். கசப்பாயினும் அதையும் படியெடுக்க வேண்டும். தன் இனத்தின் இரண்டகத்தை அறியாத இனம் அடுத்த இரண்டகத்தையும் அடையாளம் காணாது.

தமிழ்ப் பெருமக்களே! முக்குளத்தில் பிறந்த ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் சுவரில் ஒட்டிய அறிக்கையில் கேட்டது ஒரு படி. அவர் கேட்ட காலத்தில் அஞ்சியவர்களைப் பழிப்பதற்கில்லை. அன்று தூக்குமரம் நின்றது. இன்று எந்த மரமும் நிற்கவில்லை. ஒளிப்படக் கருவி ஒவ்வோர் இளைஞன் சட்டைப்பையிலும் இருக்கிறது. இன்றும் படியெடுக்காமல் இருந்தால் அதற்குப் பெயர் அச்சமன்று, சோம்பல்.

வீடு திரும்பியதும் பரணில் ஏறுங்கள். என்ன இருக்கிறதென்று பாருங்கள். ஒன்றுமில்லையெனில், வீட்டில் மூத்தவர் சொல்லும் பழஞ்செய்தியை, அவர் பெயரும் நாளும் குறித்து, நல்ல தமிழில் எழுதி வையுங்கள். பினாங்கில் ஓர் அயலான் முன்னே நின்று, தாம் யார் என்று தெரிவிக்கத் தம் பெயரை மட்டுமே சொல்ல முடிந்தது துரைச்சாமிக்கு. அந்த நிலை இம்மண்ணில் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் இனி வரவேண்டா.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் வரலாறு!